ஆறாவது குதிரை

கரமனை அக்கிரகாரத்தில் குடியிருந்த சீதாலக்ஷ்மிக்கு ஐம்பத்திரண்டு வயது. நகரத்துக் கல்லூரி ஒன்றில் நூலகராக இருந்தாள். நாள்தோறும் காலையில், காப்பிக்கு முன்னதாக அவள் செய்யும் காரியம் ஒன்று உண்டு. கூடத்திலுள்ள கண்ணாடி அலமாரியைத் திறந்து, கணவர் பட்டாபி கழித்துப் போட்ட ஷேவிங் பிரஷ்ஷினால் தன் பொம்மைக் குதிரைகளின் முதுகில் படிந்த தூசியை மெல்லத் தட்டிவிடுவாள். குதிரைகள் அறுபத்து மூன்று. ஆகையால் பட்டாபி செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து தவறாமல் கேட்பார்:

"என்ன, அறுபத்து மூவருக்கும் அபிஷேகம் ஆச்சா? இந்த அறுபத்து நாலாமவனுக்குக் காப்பி உண்டா, இல்லையா?"

ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரமுள்ள கெட்டிப் பிளாஸ்டிக் உருவம். கால் நரம்பும் மூக்குத் துவாரமும் உண்மைக் குதிரைக்கு உள்ளபடியே அமைந்திருக்கும். அச்சு ஒன்றேயானாலும் வண்ணத்தைக் கையால் தீட்டுகிறார்கள். எனவே ஒரே பெட்டியில் வந்த ஆறு குதிரைகளுக்கும் ஆறு முகம். ஒன்று தூங்கி வழியும், ஒன்று மிரளும். கண்மணியில் வைக்கிற வெள்ளைப் புள்ளி மயிரிழை விலகினாலும் மாறுகண் விழுந்துவிடும். இதனால் சேகரிப்பவர்கள் முகம் பார்த்துத்தான் எடுப்பார்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட இவ்வளவு நேரம் பார்ப்பதில்லை என்பது பட்டாபியின் கட்சி.

நூலகத்தில் சீதாலக்ஷ்மியின் கண்டிப்பு பெயர் பெற்றது. தேர்வு நெருங்கும்போது சில மாணவர்கள், ஒரே பிரதியாக உள்ள புத்தகத்தை மற்றவர் கண்ணில் படாதபடி வேறோர் அலமாரியின் பின்வரிசையில் செருகிவிட்டுப் போவார்கள். பொருளாதாரப் புத்தகத்தைத் தாவரவியலுக்குப் பின்னால் கண்டெடுக்கும்போதெல்லாம் அவளுக்கு ரத்தம் கொதிக்கும். அகப்பட்டவனை மேசைக்கு அழைத்து, நீல அட்டை நோட்டு ஒன்றில் அவன் பெயரையும் வகுப்பையும் அவன் கையாலேயே எழுதச் செய்வாள். 'மறந்து வெச்சுட்டேன் டீச்சர்' என்னும் சமாதானம் அவளிடம் செல்லாது.

அப்படிப்பட்டவள்தான் வியாழக்கிழமை மாலை அந்தக் காரியத்தைச் செய்தாள்.

பழவங்காடிக்கு அருகில், மாடியிலிருந்த பொம்மைக் கடைக்கு அன்று புதிய வரவு வந்திருந்தது. சாம்பல் உடலில் வெண்புள்ளிகள் சிதறிய பெண் குதிரை; பதினோர் ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த அதே அச்சை நிறுவனம் மறுபடி வார்த்திருந்தது. அந்தப் பழைய வரவில் ஒன்றுதான் சீதாலக்ஷ்மி வாங்கிய முதல் குதிரை. புதியவை ஆறும் 'விற்பனை சனிக்கிழமை பதினொரு மணிக்கு' என்ற அட்டையுடன் தட்டில் நின்றன. ஆளுக்கு ஒன்றுதான், முன்பதிவு கிடையாது, விற்பனையின்போது தூக்கிய குதிரையைத் திரும்ப வைக்கக்கூடாது. இவை அந்தக் கடையின் சட்டங்கள்.

அந்தப் பகுதியைக் கவனித்துக்கொண்டிருந்த அஜிதா, வள்ளியூரிலிருந்து கட்டட வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பத்துப் பெண். "டீச்சருக்கு என்ன சட்டம்? கையில எடுத்தே பாருங்க" என்று சொல்லிவிட்டு, யாரோ கூப்பிட, பில் போடும் இடத்துக்குப் போனாள்.

நான்காவது குதிரையின் முகத்தைக் கண்டதும் சீதாலக்ஷ்மி கையை நீட்டி அதை எடுத்தாள். வலப்பக்கமாகத் தலையைச் சற்றே சாய்த்து, கூப்பிட்ட குரலுக்குத் திரும்பியதுபோல் அது பார்த்தது. சனிக்கிழமை இது தனக்குக் கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும். தம்பானூரில் லாட்ஜ் நடத்தும் யூசுப் எப்போதும் முதல் ஆளாக வந்து, எப்போதும் நல்ல முகத்தையே எடுத்துப்போவார். அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். எதிர்வரிசையின் அடித்தட்டில், துண்டுகளைச் சேர்த்துப் படமாக்கும் பஸில் பெட்டிகள் அடுக்கியிருந்தன. குனிந்தாள், குதிரையை அவற்றின் பின்னால் நிறுத்தினாள், நிமிர்ந்தாள். ஒதுக்கி வைத்தோம், அவ்வளவுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

சனிக்கிழமை பத்தே காலுக்கு அவள் மறுபடி அந்தப் படியேறினாள். சாம்பல் நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதற்காகத் தன் பழைய குதிரையையும் நீலத் துண்டில் சுற்றித் தோள்பையில் வைத்திருந்தாள். வாசலிலிருந்த பெயர்ச்சீட்டில் முதல் பெயர் யூசுப்பினுடையது. இரண்டாவதாகத் தன் பெயரை எழுதினாள்.

"வாங்கக்கா, முகூர்த்தத்துக்கு இன்னும் நேரம் கெடக்கு" என்றார் யூசுப், படியில் உட்கார்ந்தபடியே. "மாப்பிள்ளை வீட்டுக்காரன் ஒம்பது மணிக்கே வந்துட்டேன்."

உள்ளே அஜிதாவின் முகம் வெளுத்துக் கிடந்தது.

"டீச்சரே, ஒரு குதிரையைக் காணல. வந்தன்னைக்கு ஆறுன்னு நான்தான் எண்ணிக் கையெழுத்துப் போட்டேன். நேத்து காலம்பற பாத்தா அஞ்சு."

"எங்கேயாவது இடம் மாறியிருக்கும்மா" என்றாள் சீதாலக்ஷ்மி. தன் குரல் இயல்பாக ஒலித்தது அவளுக்கே வியப்பாக இருந்தது.

"எல்லா எடமும் தேடியாச்சு. காமரா பில் போடுற எடத்துக்கு மட்டுந்தான் உண்டு. பதினொண்ணுக்குள்ள ஆறும் நிக்கணும், இல்லன்னா யூனிஃபாரம் கோட்டைக் கழட்டி வெச்சுட்டுப் போயிருன்னு மானேஜர் அபிலாஷ் சார் சொல்லியாச்சு. போன மாசம் ஒரு பொம்மைக் காரு காணாமப் போச்சு. அதுவும் என் தலையிலதான்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "இந்த மாசத்தோட சோதனைக் காலம் முடியுது டீச்சரே. வேலை நிரந்தரமாயிரும்னு நம்பி, ஓட்டல்ல பாத்திரம் கழுவப் போக வேண்டாம்னு அம்மாவை நிறுத்திட்டேன். அந்த எடத்துக்கு வேற ஆளும் வந்தாச்சு."

சீதாலக்ஷ்மி உடனே ஒரு முடிவுக்கு வந்தாள். தானும் தேடுவதுபோல் தேடி, 'இதோ இருக்கே!' என்று எடுத்துக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. நல்ல முகம் யூசுப்புக்குப் போகும், போகட்டும். எதிர்வரிசைக்குத் திரும்பிக் குனிந்தாள்.

அடித்தட்டில் பஸில் பெட்டிகள் இல்லை. தண்ணீர்ப் போத்தல்களும் குழந்தைக் குடைகளும் வரிசையாக நின்றன.

"இங்கே பஸில் இருந்ததே, அஜிதா?"

"ஸ்கூல் தொறக்கப்போகுதுல்லா? நேத்து அதையெல்லாம் கொல்லம் கடைக்குக் கெட்டிப்போட்டாச்சு. கீழ நாப்பது பெட்டி இருக்கு. பதினொன்றரைக்கு வண்டி வரும்."

கட்டிப்போட்ட அவசரத்தில் பெட்டிகளோடு பெட்டியாகக் குதிரையும் போயிருக்கிறது, வேறு வழியில்லை. நாற்பது பெட்டிகளைப் பிரிக்கச் சொல்ல வேண்டுமானால், அதற்கான காரணத்தையும் சொல்ல வேண்டும். யூசுப்பின் முன்னால் சொல்ல வேண்டும். வரிசையில் மூன்றாவதாக வந்து நின்ற மீரா, கல்லூரியில் அவளிடம் புத்தகம் எடுக்கிற முதுகலை மாணவி. போன ஆண்டு நீல நோட்டில் கண்ணீரோடு பெயர் எழுதியவள். அவள் முன்னாலும் சொல்ல வேண்டும்.

கடிகாரத்தில் பத்து நாற்பது.

அப்போதுதான் தோள்பையின் கனம் அவளுக்கு நினைவு வந்தது. அதே அச்சு, அதே சாம்பல். இதைத் தட்டில் நிறுத்திவிட்டால் எண்ணிக்கை ஆறாகிவிடும். யூசுப் புதியவற்றில் நல்ல முகமாகப் பார்த்து ஒன்றை எடுப்பார். அடுத்த முறை தன்னுடையது. தன் குதிரையைத் தானே விலை கொடுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். கொல்லத்தில் பெட்டியைப் பிரிக்கிறவர்கள் மற்றொன்றைக் கண்டெடுப்பார்கள். யாருக்கும் நஷ்டமில்லை, யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. பெண்ணும் பிழைத்தாள்.

அஜிதா போத்தல்களை நகர்த்தித் தேடிக்கொண்டிருந்தாள். சீதாலக்ஷ்மி துண்டை அவிழ்த்தாள். பதினோர் ஆண்டுகளாகத் தினமும் துடைத்த அந்த முதுகை ஒரு முறை கட்டைவிரலால் தடவி, வரிசையின் ஓரத்தில் நிறுத்தினாள்.

"அஜிதா! இங்கே வந்து எண்ணு."

அஜிதா எண்ணினாள். விரல் வைத்து மறுபடி எண்ணினாள். "எங்க இருந்துச்சு டீச்சரே?"

"அந்த டைனோசர் கூட்டத்துக்குப் பின்னாடி நின்னுண்டிருந்தது."

"அங்க நான் பாத்தனே!" என்றவள், மேலே கேட்கத் தோன்றாமல், சீதாலக்ஷ்மியின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தக் கைகள் ஈரமாகவும் சூடாகவும் இருந்தன. சீதாலக்ஷ்மி தன் கைகளை விடுவித்துக்கொண்டாள்.

பதினொன்றுக்கு மேலாளர் அபிலாஷ் வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் திறந்த மடிக்கணினி. பேனா முனையால் ஆறையும் எண்ணினார். "ம். கிட்டியோ? நல்லது" என்று அஜிதாவைப் பார்க்காமலே சொல்லிவிட்டு, "யூசுப்க்கா, வரு" என்று மலையாளத்தில் அண்ணன் முறை வைத்து அழைத்தார்.

யூசுப் குதிரைகளைத் தொடவில்லை. தூக்கினால் வாங்கியாக வேண்டுமே. சட்டைப் பையிலிருந்து, பல் வைத்தியர்கள் வாய்க்குள் விட்டுப் பார்க்கிற சிறு கண்ணாடி ஒன்றை எடுத்தார். மற்றொரு கையில் கைப்பேசி விளக்கைப் போட்டுக்கொண்டார். முதல் குதிரையின் முகத்தை இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு வயிற்றுக்கடியில் கண்ணாடியை விட்டார்.

அவர் எதைத் தேடுகிறார் என்பது சீதாலக்ஷ்மிக்கு அப்போதுதான் உறைத்தது. பின்தொடையின் உட்புறத்தில், வார்த்த ஆண்டின் கடைசி இரண்டு எண்கள் பொறித்திருக்கும். புதியவற்றில் இருபத்தைந்து, தன்னுடையதில் பதினான்கு. முகத்தைத் தவிர வேறெதையும் பார்க்காதவள் அவள். யூசுப் எண் பார்க்கிறவர் என்பதை எப்படி மறந்தாள்?

"அடியில என்ன பாக்கறேள், யூசுப்? முகத்தைப் பார்த்தாப் போறாதா?" என்றாள்.

"முகம் உங்க டிபார்ட்மெண்ட் அக்கா. நமக்குக் குலம் கோத்திரம் எல்லாம் பாக்கணும்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. ஒவ்வொரு குதிரையின் கீழும் வெளிச்சம் புகுந்து வெளியே வந்தது. நான்காவதன்மேல் அவர் கண் நெடுநேரம் நின்றது. எடுத்துவிடு, எடுத்துவிடு என்று சீதாலக்ஷ்மியின் மனம் அடித்துக்கொண்டது. யூசுப் ஐந்தாவதற்கு நகர்ந்தார். ஆறாவதன் கீழ்க் கண்ணாடி போயிற்று, அங்கேயே நின்றது.

"பதினாலு" என்றார் யூசுப், மெல்ல. உடனே இரு கையாலும் அதைத் தூக்கினார். "அபிலாஷே, பதினாலு! பழைய வரவு! கம்பெனிக்காரன் தெரியாம அனுப்பிட்டானா? பதினோரு வருஷமா தேடிட்டிருக்கேன்யா இதை!"

குழந்தையைப்போல் அவர் மகிழ்ந்தார். அந்த மகிழ்ச்சியில் அபிலாஷ் கலந்துகொள்ளவில்லை. குதிரையை வாங்கி விளக்குக்கு நேரே பிடித்தார். காதுகளின் இடுக்கில், சுற்றியிருந்த துண்டின் நீல நூல் ஒன்று ஒட்டியிருந்தது.

"இது பெட்டியில வந்ததல்ல" என்றார். "நேத்து அஞ்சு. இன்னைக்குக் காலையில அஞ்சு. இப்போ ஆறு, ஆறாவது யாரோ உபயோகிச்ச பழசு." அவர் குரல் உயரவில்லை. "அஜிதா, புதியதை வெளியில கொடுத்திட்டு, அதுக்குப் பதிலா இதைக் கொண்டுவந்து வச்சோ?"

"சாரே, இல்ல சாரே! தாயாண எனக்குத் தெரியாது!"

"பின்னே எண்ணிக்கை எப்படிச் சரியாச்சு? யார் கண்டெடுத்தது?"

அஜிதா வாயைத் திறந்தாள். அவள் பார்வை சீதாலக்ஷ்மியிடம் வந்தது, ஒரு கணம் நின்றது, தரைக்குத் தாழ்ந்தது. தனக்கு உதவி செய்த டீச்சரை வம்பில் இழுக்கக் கூடாதென்று நினைத்தாள் போலும்.

"பேக்கை எடு" என்றார் அபிலாஷ்.

அஜிதாவின் பை பில் மேசைமேல் கவிழ்ந்தது. ஒரு குடை, சீப்பு, பஸ் பாஸ், எவர்சில்வர் டிபன் டப்பா. அபிலாஷ் டப்பாவின் மூடியைத் திருகினார். உள்ளே கிழங்கும் மீன்குழம்பும் இருந்தன. வரிசையில் நின்ற எல்லாரும் அந்தக் கிழங்கைப் பார்த்தார்கள்.

"மூடுங்கோ அதை" என்றாள் சீதாலக்ஷ்மி.

அபிலாஷ் திரும்பினார்.

"அது என் குதிரை. நான்தான் வெச்சேன், கொஞ்ச நேரம் முன்னாடி. காணாமப் போனதை ஒளிச்சு வெச்சதும் நான்தான். வியாழக்கிழமை. பஸில் பெட்டிக்குப் பின்னாடி."

அபிலாஷின் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது புன்னகை.

"டீச்சர் விடுங்க. இந்தக் குட்டிமேல பாவம் தோணிச் சொல்றீங்க. எனக்கு மனசிலாயி."

"இல்லை. உள்ளதைச் சொல்றேன்."

"டீச்சர் அப்படிச் செய்வாங்கன்னு இந்த ஊரில யாரு நம்புவாங்க?"

ஐம்பத்திரண்டு வயது வரையில் சேர்த்து வைத்த நல்ல பெயர், வேண்டாத நேரத்தில் குறுக்கே வந்து நின்றது. அஜிதாவை ஒரு நொடியில் திருடியாக்க அவருக்கு ஒரு நூலிழை போதுமாயிருந்தது. தன்னைக் குற்றவாளி என்று ஏற்கத் தன் வாய்மொழிகூடப் போதவில்லை. நாணத்துக்கு நடுவே அவளுக்குச் சினம் மூண்டது.

"யூசுப், வலது பின்னங்கால் குளம்புக்குள்ளே பாருங்கோ. பச்சை மையில ஒரு புள்ளி இருக்கும். எங்க லைப்ரரி முத்திரை மை. என்னோட எல்லாத்துக்கும் வெச்சிருக்கேன்."

யூசுப் கண்ணாடியைக் குளம்பின் கீழ் பிடித்தார். "இருக்கு" என்றார். இம்முறை அவர் குரலில் களிப்பு இல்லை.

கீழே வண்டி பின்னால் வரும் ஓசையும், கிளீனர் அதன் முதுகைத் தட்டும் ஓசையும் கேட்டன. சீதாலக்ஷ்மி காத்திராமல் படியிறங்கினாள். மற்றவர்கள் பின்தொடர்ந்தார்கள். அதற்குள் இரண்டு மூன்று பெட்டிகள் வண்டியில் ஏறியிருந்தன. "இறக்குங்கோ" என்றாள் ஓட்டுநரிடம். அவர் அபிலாஷைப் பார்த்தார். அபிலாஷ் தயங்கித் தலையசைத்தார்.

முதல் பெட்டியின் ஒட்டுநாடாவை அவள் நகத்தால் கிழித்தாள். பஸில்கள் மட்டுமே இருந்தன. இரண்டாவதிலும் அவ்வாறே. ஐந்தாவது பெட்டியில் அவள் நகம் முறிந்தது. அஜிதா எங்கிருந்தோ ஒரு கத்தியைக் கொண்டுவந்து, அருகில் உட்கார்ந்து பிரிக்கத் தொடங்கினாள். சீதாலக்ஷ்மியின் புடவைத் தலைப்பு புழுதியில் புரண்டது. மீரா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோராவது பெட்டியையும் பிரித்தாயிற்று. ஒருவேளை அங்கே வைத்த அன்றே வேறு யாராவது எடுத்துப் போயிருந்தால்? அப்படியானால் தன் பேச்சை மெய்ப்பிக்க வழியே இல்லை. அஜிதா போகத்தான் வேண்டும். சீதாலக்ஷ்மி அடுத்த பெட்டியை இழுத்தாள்.

பதினான்காவது பெட்டியில், இரண்டு பஸில் அட்டைகளுக்கு நடுவே அது படுத்திருந்தது. அஜிதாதான் எடுத்தாள். இடது காதின் நுனி ஒடிந்திருந்தது. முகம் மட்டும் அப்படியே, கூப்பிட்ட குரலுக்குத் திரும்பியதுபோல் சாய்ந்திருந்தது.

யூசுப் பழைய குதிரையைத் துண்டில் சுற்றிச் சீதாலக்ஷ்மியிடம் நீட்டினார். "தூக்கினா திரும்ப வைக்கக் கூடாதுங்கறது கடைச் சட்டம். இது கடைச் சரக்கு இல்லைல்லா, பிடிங்கக்கா." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மேலே வந்ததும் அபிலாஷ் மடிக்கணினியைத் திறந்தார். பெருமூச்சு விட்டார். "சரி, கிட்டியாச்சு. டீச்சர் ஒண்ணும் சங்கடப்பட வேண்டாம். கொச்சி ஆபீஸுக்கு நேத்தே குறைவுன்னு மெயில் போட்டிருக்கேன், அதுக்கு ஒரு பதில் கொடுத்தாப் போதும். எண்ணினதில பிழைன்னு எழுதி முடிச்சிடலாம்."

"யார் எண்ணினதில?"

அபிலாஷ் அஜிதாவைப் பார்த்தார். "அவதான் எண்ணிக் கையெழுத்துப் போட்டது. ஒரு சின்னப் பிழை. வேலையெல்லாம் போகாது... போன மாசத்துக் காரும் சேர்ந்தா ரெண்டாகும், அவ்வளவுதான். நிரந்தரம் கொஞ்சம் தாமசிக்கும். டீச்சர் பேர் இதில வரவே வராது."

அஜிதா பஸ் பாஸையும் சீப்பையும் பைக்குள் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். "அது போதும் டீச்சரே" என்றாள், குனிந்தபடியே. "வேலை இருக்குல்லா. போதும்."

காது ஒடிந்த குதிரை மேசைமேல் நின்றது. சீதாலக்ஷ்மி அதைப் பார்த்தாள். வரிசையில் நின்ற மீராவைப் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு, அபிலாஷுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"அவ எண்ணினது சரி" என்றாள். "ஒரு காகிதம் கொடுங்கோ. என்ன நடந்ததுன்னு என் கையாலேயே எழுதி, பேரும் காலேஜும் போட்டுத் தரேன். அதையே கொச்சிக்கு அனுப்புங்கோ."